பிணத்துக்கு வசனம் இல்லை

மூக்கில் பஞ்சு வைத்ததும் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. பஞ்சு இரண்டும் தெறித்துப்போய் மேக்கப் வரதனின் சட்டையில் ஒட்டிக்கொண்டன. "செத்தவங்க தும்ம மாட்டாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வரதன் வேறு பஞ்சு உருட்டினார், இந்தத் தடவை சின்னதாக, மேலோட்டமாக. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டியபோது கன்னச் சதை இரண்டு பக்கமும் பிதுங்குவது கண்ணாடி பார்க்காமலே தெரிந்தது, என் முகம் எனக்கு மனப்பாடம். துணி போதவில்லை. இன்னொரு துண்டைக் கிழித்து முடிச்சுப் போட்டு நீட்டினார், முடிச்சு காதுக்குப் பின்னால் உறுத்தியது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட முயன்றபோது தொடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கால்களைச் சேரவிடவில்லை, நான் பல்லைக் கடித்துச் சேர்த்துப் பிடித்தேன். நெற்றியில் ஒரு ரூபாய். என் மனைவியாக நடிக்கும் பங்கஜா அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டிருந்தார். "பொணத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு பவுடர், எனக்குப் போடு, நான்தான் உயிரோட இருக்கேன்" என்றார். பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டு அதில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். முதலில் ஃப்ரீசர் பெட்டிதான் வாடகைக்கு வந்தது. தோள் இடித்தது. பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன், வயிறு இடித்தது. எல்லோரும் கொஞ்ச நேரம் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குக் கஷ்டமாக இருந்தது, நானே சிரித்து அவர்களை விடுவித்தேன். டைரக்டர் சேவியர், "பெட்டி வேணாம், கிராமத்துல இருந்து வந்த ஃபேமிலிதானே, பெஞ்சுதான் நேச்சுரல்" என்று முடித்துவிட்டார். நேச்சுரலாக நான் சாகும்போது பெட்டிக்கு என்ன செய்வார்கள் என்ற நினைப்பு அப்போதே வந்தது, வேண்டாம் என்று ஒதுக்கினேன், அது போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது, எனக்குத் தெரியும், கண்ணை மூடியதும் எழுந்து வரும். சாலிகிராமத்து மாடி வீடு, வளைந்து ஏறும் படிக்கட்டு, அதில் பீரோவையே கயிறு கட்டி வெளிப்பக்கமாகத்தான் ஏற்றினார்கள்.

கண்ணை மூடச் சொல்லிவிட்டார்கள். விளக்குகளின் சூடு இமைக்கு மேலே சிவப்பாகத் தெரிகிறது. என்னைக் கொல்லப்போகிறார்கள் என்பது எனக்குப் போட்டோ கேட்டபோதுதான் தெரிந்தது. ஆர்ட் டிபார்ட்மெண்டில் இருந்து போன் செய்து, "சார், நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க, லேசா சிரிச்ச மாதிரி, பெருசு பண்ணினா உடையாம இருக்கணும்" என்றார்கள். இந்தத் தொழிலில் சாவுச் செய்தி இப்படித்தான் வரும், யாரும் நேரில் சொல்ல மாட்டார்கள், மாலை போடுவதற்குப் போட்டோ கேட்பார்கள். நான் இருந்ததிலேயே ஒல்லியாகத் தெரிகிற ஒன்றைத் தேடி அனுப்பினேன், அது ஒரு கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றபோது எடுத்தது. மதியத்துக்கு மேல் எனக்கு சீன் இல்லை. இனி இந்த வளசரவாக்கத்து பங்களாவில் சொக்கலிங்கம் பெரியப்பாவாக அந்தப் போட்டோதான் நடிக்கும், அதற்குச் சாப்பாடு வேண்டாம், இரட்டை நாற்காலி வேண்டாம். வேலூரில் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் டிவியைப் பார்த்து நிஜமாகவே அழுவாள், போன தொடரில் எனக்கு ஜெயில் கிடைத்ததற்கே அழுதாள். வேறு தொடர் வரும். சமையல்காரர், இல்லையென்றால் சாப்பாட்டு ராமனான மாப்பிள்ளையின் சித்தப்பா, ஏதாவது வரும். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி, அது என் தலைமாட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறது.

அது என்று சொல்லக்கூடாது. அவர், வசுமதி மேடம். கண் மூடியிருந்தாலும் அவர் அங்கே இருப்பது தெரிகிறது, சித்தரத்தை வாசனை. தொண்டை கட்டாமல் இருக்க வாயில் ஒரு துண்டு அடக்கிக்கொண்டே இருப்பார், அவர் வேலையே தொண்டைதான். தினம் ஒரு எபிசோடு முடித்தாக வேண்டிய இடத்தில் யாருக்கும் வசனம் படிக்க நேரமில்லை. கேமராவுக்கு வெளியே உட்கார்ந்து அவர் எடுத்துக்கொடுப்பார், நாங்கள் அதைத் திருப்பிச் சொல்வோம், அடுத்ததைக் கொடுப்பார். குரல் எல்லாம் பிறகு டப்பிங்கில் போட்டுக்கொள்வதால் படப்பிடிப்பில் அவர் குரல் கேட்டாலும் பாதகமில்லை. கொலைமிரட்டல், தாலி கட்டுகிற இடம், சாபம், தாலாட்டு, எல்லாவற்றையும் ஒரே குரலில், பஸ் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று சொல்வதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்வார். உணர்ச்சியை நாங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். "நீ நல்லா இருப்பியாடா பாவி" என்று அவர் சொல்லும்போது காய்கறி விலை கேட்பதுபோல இருக்கும். எனக்கு அவர் எடுத்துக்கொடுக்கத் தேவையில்லை. காலையில் வாட்ஸப்பில் சீன் வந்ததும் ஆட்டோவில் வரும்போதே இரண்டு தரம் படித்தால் எனக்கு மனதில் நின்றுவிடும், மற்றவர்கள் வசனமும் சேர்த்து. வீட்டில் பேச ஆள் இல்லாதவனுக்கு மனப்பாடம் சுலபம். இருந்தாலும் தெரியாதவன்போல நின்று அவர் வாயைப் பார்ப்பேன். அவர் சொன்ன பிறகு சொல்வேன். சில நாள் வேண்டுமென்றே தடுமாறி, "இன்னொரு தரம் மேடம்" என்பேன், அவர் இன்னொரு தரம் சொல்வார், சலிப்பே இல்லாமல், முதல் தடவைபோலவே. நாள் முழுக்க ஒருவர் என்னைப் பார்த்து எனக்காக ஒரு வாக்கியம் சொல்கிறார், அது எழுத்தாளர் எழுதியதாகவே இருக்கட்டும். என் நிஜக் குரலைத் தொடரில் யாரும் கேட்டதில்லை. இந்த உடம்புக்கு அந்தக் குரல் பொருந்தாது, மெல்லிசாக, கொஞ்சம் பெண் சாயலோடு இருக்கும் என்று எனக்கு வேறு ஒருவர் டப்பிங் பேசுகிறார். அவரை ஒருமுறை சந்தித்தேன், ஊதினால் பறந்துவிடுவார், வாயைத் திறந்தால் லாரி ஹாரன். இரண்டு பேரும் கைகுலுக்கிவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றோம். ஆக, வார்த்தை வசுமதி மேடத்துடையது, குரல் அந்த டப்பிங்காரருடையது, சதை மட்டும் என்னுடையது. நிஜக் குரலைத் தினமும் கேட்கிற ஒரே ஆள் மேடம்தான். இன்று சீன் பேப்பரில் என் பெயருக்கு நேரே "சடலமாக" என்று மட்டும் இருந்தது. காலையில் அதைப் பார்த்ததும் எனக்குச் சாவைவிட அதுதான் சங்கடமாக இருந்தது, கடைசி நாள், அவர் எனக்கு எடுத்துக்கொடுக்க ஒரு வார்த்தைகூட இல்லை.

எனக்குச் சொந்தமாக ஒரு வரி இருக்கிறது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், இன்னிக்கு சேர்ந்து சாப்பிடலாமா மேடம். எழுத்தாளர் யாரும் எழுதாத வரி. இதை எவ்வளவு திருத்தியிருப்பேன். காபி சாப்பிடலாமா என்று மாற்றிப் பார்த்தேன், காபி சுலபம், ஆனால் எனக்கு வேண்டியது காபி இல்லை. படம் பார்க்கலாமா என்று மாற்றினேன், தியேட்டர் நாற்காலியின் கைப்பிடி ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். சேர்ந்து சாப்பிடலாமா என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேறு யார் சொன்னாலும் அது ஒரு அழைப்பு, நான் சொன்னால் அது ஜோக். முதல் படத்தில் எனக்கு இட்லிப் போட்டி. டேக் மேல் டேக், ஆறிப்போன இட்லி, கடைசியில் நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்ததையும் ஷூட் பண்ணி வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் என் தட்டைப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் வீடியோக்காரர் எல்லோரையும் வரிசையாக எடுத்துக்கொண்டு வருவார், என் இலை வந்ததும் நின்றுவிடுவார், லைட் பிடிக்கிறவர் இன்னும் கிட்ட வருவார், நான் அப்பளத்தைக்கூட உடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பேன். படப்பிடிப்பில் பந்தியில் உட்கார்ந்தால் ஒரே ஒரு கரண்டி சோறு, டயட் என்று சொல்லிவிட்டு, பிறகு மேக்கப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கேரியரைத் திறப்பேன். கதவு சாத்தியிருந்தால்தான் எனக்கு ருசி தெரியும். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அவரையும் உட்காரவைத்து, நான் சாப்பிடுவதை ஒருவர் பார்க்கட்டும் என்று இருப்பது, அதுதான் நான் கேட்கப்போவது, கேட்டால் அவர் என்ன நினைப்பார், பாவம் என்று வருவாரா, வேலை இருக்கு சார் என்பாரா, இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே ஒரு வாரம் போய்விட்டது. இன்று மதியம் பிரேக் விடுவார்கள். அதற்குள் சொல்ல வேண்டும். தாடையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

"ஆக்‌ஷன்." முக்காலி கிறீச்சிட்டது. "என்னங்க" என்றார் வசுமதி மேடம், அதே பஸ் குரலில். "என்னங்க…" என்று பங்கஜா அம்மா என் மார்பில் விழுந்தார். நாடகக் கம்பெனியில் இருந்து வந்தவர், அழுகை அவருக்குக் குழாயைத் திறப்பதுபோல. "எங்களுக்கு யாருங்க இருக்கா." "எங்களுக்கு யாருங்க இருக்கா…" "கட், கட்" என்றார் சேவியர். "சிகாமணி சார், வயிறு ஏறி இறங்குது." அடுத்த தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ட்ராலி என் காலில் இருந்து தலைக்கு வந்து சேர்வதற்குள் காதில் இரைச்சல் கேட்டது. "கட். சார், மூஞ்சி செவக்குது, பொணம் வெளுக்கணும் சார்." கேமராமேன் மாலையைப் போட்டு மறைக்கலாம் என்றார். ரோஜா மாலை, சம்பங்கி மாலை, எல்லாவற்றையும் வயிற்றின் மேல் குவித்தார்கள், ஈரமாக, கனமாக, பூவோடு வந்த எறும்பு ஒன்று கழுத்து மடிப்பில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. டேக் போனார்கள். "கட்" என்று சேவியர் சொன்னதும் கேமராமேனே சொன்னார், "இப்ப மாலைங்க ஏறி இறங்குது சார்." எல்லோரும் சிரித்தார்கள், காலையில் இருந்து அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்து. நானும் சிரிக்கலாம் என்றால் தாடை வரவில்லை. இது எனக்குப் பழக்கமானதுதான், என் உடம்பு செய்கிற வேலைக்கு நான் கூலி வாங்குகிறேன், ஆனாலும் வசுமதி மேடம் தலைமாட்டில் இருந்தார். அவர் சிரிக்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். தாள் புரளும் சத்தம்தான் கேட்டது. பிறகு அவர் குரல். "சேவியர் சார், நான் சாருக்கும் சொல்லிடறேன்." "பொணத்துக்கு என்ன மேடம் சொல்லுவீங்க?" "கேமரா அம்மா மேல இருக்கறப்ப மூச்சு விடச் சொல்றேன். இவர் மேல வரும்போது பிடிச்சுக்கச் சொல்றேன். கண்ண மூடிட்டு இருக்கறவருக்குக் கேமரா எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" சேவியர் யோசித்தார். "சரி, பண்ணுங்க" என்றார். முக்காலி இழுபடும் சத்தம். சித்தரத்தை வாசனை காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"பிடிங்க" என்றார் மெதுவாக. பிடித்தேன். நிமிர்ந்து பங்கஜா அம்மாவுக்கு, "எங்களுக்கு யாருங்க இருக்கா." குனிந்து எனக்கு, "விடுங்க." விட்டேன். இது எனக்கு எழுதப்பட்ட வசனம் இல்லை, யாருக்கும் எழுதப்பட்டதில்லை, காலையில் படித்த பேப்பரில் கிடையாது, அவர் அந்த நேரத்தில் தானாகச் சொல்வது, எனக்கு மட்டும். பிடிங்க. விடுங்க. நான் தெரியாதவன்போல நடிக்கவும் வேண்டியதில்லை, நிஜமாகவே எனக்குத் தெரியாது, எப்போது வரும் என்று காத்திருந்து வாங்கிக்கொண்டேன். எறும்பு தோளுக்குப் போய்விட்டது. யாரோ சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்தார்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்ததைப் பிரிக்கிற சத்தம், வசுமதி மேடம் வசனத்துக்கு நடுவில் அதே குரலில், "அதப் பிரிக்காதீங்க, அது சாருக்கு" என்றார். எனக்கு எப்போதும் இரண்டு நாற்காலியை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் போட்டிருப்பார்கள், ஒற்றை நாற்காலி ஒருமுறை கால் விரிந்து உட்கார்ந்துவிட்டதில் இருந்து. புரொடக்‌ஷன் ஆட்கள் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன், தீபாவளிக்கு அவர்களுக்கு ஸ்வீட் பாக்ஸ்கூட வாங்கிக் கொடுத்தேன். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். ட்ராலி திரும்பி வந்தது, சக்கரம் முனகியது, அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காதோ என்று அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "மூச்சு விடுங்க." பங்கஜா அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமாகக் காதில் விழுவதை வாயில் எடுத்துப் பழகியவர், யாருக்குச் சொன்னது என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "மூச்சு விடுங்க…" என்று கதறினார். "மூச்சு விடுங்க, ஒரே ஒரு தரம் மூச்சு விடுங்க…" ஹாலில் சத்தம் அடங்கிவிட்டது. சேவியர் கட் சொல்லவில்லை. லைட் பிடிக்கிறவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு அடிவயிற்றில் இருந்து சிரிப்பு கிளம்பியது, தாடை கட்டியிருந்ததால் வெளியே வர வழி தெரியாமல் உடம்பு முழுக்கப் பரவியது, மாலைகள் குலுங்கின, நெற்றியில் இருந்த ரூபாய் உருண்டு கீழே விழுந்து எங்கோ ஓடியது.

"கட். சார், என்ன சார், அவ்வளவு நல்லா வந்துச்சே" என்றார் சேவியர், நிஜமாகவே வருத்தமாக. பங்கஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னத்த சொன்னேன்? மேடம் சொன்னதத்தானே சொன்னேன்" என்றார். "அது சாருக்குச் சொன்னது அம்மா" என்றார் வசுமதி மேடம். "அந்த ஆளு செத்துட்டாரேம்மா, அவருக்கு எதுக்குச் சொல்ற?" மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. சேவியர் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். "அம்மா, அப்படியே சொல்லுங்க, அதே மாதிரி. சிகாமணி சார், அவங்க மூச்சு விடுங்கன்னு கேக்கறப்ப க்ளோசப்ல உங்க மூஞ்சி. தயவுசெஞ்சு அப்ப மட்டும் விட்டுராதீங்க." ரூபாய் கிடைக்கவில்லை, வரதன் தன் சட்டைப்பையில் இருந்து வேறு ஒன்று எடுத்து வைத்தார், அது சில்லென்று இருந்தது.

"பிடிங்க" என்றார் மேடம், காதருகே, அன்று கடைசி முறையாக இருக்கலாம். பிடித்தேன். மேலே பங்கஜா அம்மா ஆரம்பித்துவிட்டார். மூச்சு விடுங்க. நான் விடவில்லை. விடக்கூடாது என்று நெஞ்சு நிறையப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பெண் என் மார்பைத் தட்டி விடச் சொல்லிக் கேட்கிறாள், கண்ணீர் என் கழுத்தில் சூடாக விழுகிறது, கிளிசரின் போட்டதாகவே இருக்கட்டும், கண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது. மூலையில் உட்கார்ந்திருந்த நினைப்பு எழுந்து வந்தது. வளைந்த படிக்கட்டு. கீழ்வீட்டுக்காரர் இரண்டு நாளாக ஆளைக் காணோமே என்று மேலே வந்து கதவைத் தட்டுவார். தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று கீழே நின்று பேசுவார்கள், மெதுவாகத்தான் பேசுவார்கள், நல்ல மனிதர்கள். யாராவது ஒருவர், டிவியில கூட இவர் செத்த மாதிரி நடிச்சாரே என்பார். யாரும் மூச்சு விடச் சொல்ல மாட்டார்கள். அதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை, நீண்ட நாள் பார்த்துப் பழகிய சுவர்போல இருந்தது, ஆனால் அந்தச் சுவரின் இந்தப் பக்கம் இவ்வளவு நேரமாக நான் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்று தோன்றியது. ஒரு வாரமாக. அதற்கும் முன்னாலிருந்து. காதில் இரைச்சல் ஏறியது. அவர் சொல்வார், அவர் சொன்னால் விடலாம், தாள் அசையவில்லை, சக்கரம் முனகவில்லை, கேமரா என் முகத்தின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறது போல, பங்கஜா அம்மா மூன்றாவது தரம் கேட்கிறார், நெஞ்சில் ஒரு மூலை வலிக்கத் தொடங்கியது, இனி முடியாது என்று இருந்தபோது, "விடுங்க சார், போதும்" என்றது குரல். சார் என்பதும் போதும் என்பதும் அந்த பஸ் குரலில் வழக்கமாக வராத வார்த்தைகள். கொஞ்சம் நடுங்கியிருந்ததோ. "கட், ஓகே" என்றார் சேவியர். கை தட்டினார்கள், பங்கஜா அம்மாவுக்கு.

செத்ததாக நடித்தவர் எழுந்திருப்பதற்கு முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், அதையும் எடுப்பார்கள். அந்தத் துண்டு எங்கேயும் வராது, ஆனால் எடுக்காமல் யாரும் விடமாட்டார்கள், நடித்தது நடித்ததோடு போகட்டும் என்று. வரதன் தாடைக் கட்டை அவிழ்த்தார், பஞ்சை எடுத்தார். கண்ணைத் திறந்ததும் வெளிச்சம் குத்தியது. "சிரிங்க சார்" என்றார் சேவியர். உதட்டை விரித்தேன். "இது போட்டோ சிரிப்பு சார், நல்லா உசுரோட சிரிங்க, சாங்கியம்." இன்னும் விரித்தேன். முகம் எனக்கு மனப்பாடம், அது சிரிப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. வாழ்க்கை முழுக்க மற்றவர்களைச் சிரிக்க வைத்தவனுக்குச் சொன்ன நேரத்தில் சிரிப்பு வரவில்லை. பூசணிக்காயை வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார், மேலே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் வசுமதி மேடம் தாளைப் பார்த்தபடியே, யாருக்கும் இல்லாததுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல், "மூச்சு விடுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். பெஞ்சு இரண்டும் விலகுகிற அளவுக்குச் சிரித்தேன், மாலைகள் சரிந்து விழுந்தன. "ஓகே, ஓகே, பூசணிக்காய் சுத்துங்கப்பா, லஞ்ச் பிரேக்" என்றார் சேவியர்.

குளித்து விபூதியையும் பவுடரையும் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பங்களாவின் பின்பக்கம், கார் ஷெட்டில், எல்லோரும் நீள மேஜைகளில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கடைசி மேஜையில் தனியாக, மதியத்து சீன் பேப்பரில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எதிரே இரட்டை நாற்காலி. நான் போய் நின்றேன். "மேடம்" என்றேன். "சொல்லுங்க சார்." வரி வெளியே வரவில்லை. அழைப்பு, ஜோக், பாவம், வேலை இருக்கு. இத்தனை பேர், இத்தனை தட்டு. தாடைக் கட்டை நிஜமாகவே அவிழ்த்தார்களா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றியது. மணி என்ன என்று கேட்க வாய் தயாராகிவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கையில் இருந்த தாளில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல, "இன்னிக்கு சேர்ந்து சாப்பிடலாமா மேடம்" என்றார். படித்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, நடிகர் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருக்கும்போது லேசாகப் புருவத்தைத் தூக்குவாரே, அப்படித் தூக்கினார். "இன்னிக்கு சேர்ந்து சாப்பிடலாமா மேடம்" என்றேன், மெல்லிசாக, என்னுடைய குரலில். "உக்காருங்க" என்றார்.

நாற்காலி முனகாமல் தாங்கியது. "எப்படித் தெரியும்?" என்றேன். "ஒரு வாரமா லஞ்ச் பிரேக்ல வந்து நின்னு மேடம்னு கூப்பிடறீங்க. அப்புறம் மணி என்னன்னு கேட்டுட்டு ரூமுக்குத் தனியா சாப்பிடப் போயிடறீங்க. கையில வாட்ச் கட்டியிருக்கீங்க." நான் வாட்சைப் பார்த்தேன். "அதுவுமில்லாம" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார், "உங்களுக்கு வசனம் எல்லாம் மனப்பாடம்னும் தெரியும். ஆஸ்பத்திரி சீன்ல நான் ஒரு வரிய விட்டுட்டு அடுத்தத சொன்னேன். நீங்க பேப்பர்ல இருந்ததச் சொல்லிட்டு, அப்புறம் நான் சொன்னத சொன்னீங்க." எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அப்புறமும் எனக்கு எடுத்துக் கொடுத்தீங்களே." அவர் பேனாவை மூடினார். "நீள வசனம்னா எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வரியா சேர்த்துதான் சார் சொல்வேன். அப்பதான் வேலை ஓடும். உங்களுக்கு மட்டும்தான் ஒவ்வொண்ணா." அவ்வளவுதான் சொன்னார், பிறகு மதியத்து சீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், மருமகள் என் போட்டோவிடம் முறையிடுகிற சீன், ஒன்றரைப் பக்கம் ஒரே மூச்சில், பெங்களூரில் இருந்து வந்திருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தமிழே வராது, எங்கே பிரித்துக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றார். சாதமும் வத்தக்குழம்பும் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். என் தட்டில் வழக்கமான ஒரு கரண்டி விழுந்தது. பிசைந்து முதல் வாய் எடுத்தேன். உப்பு கொஞ்சம் கூடுதல், சுண்டைக்காய் சரியாக வறுபட்டிருந்தது, ருசி தெரிந்தது. பக்கத்து மேஜையில் பங்கஜா அம்மா யாரிடமோ, செத்த புருஷனுக்கு ஒரு வேளை பட்டினி கிடக்கணுமே, நான் அப்பளம் மட்டும் தின்னுக்கறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "போட்டோகிட்ட பேசறப்ப அந்தப் பொண்ணு போட்டோவைப் பாக்கறதா, என்னைப் பாக்கறதா, அதுதான் குழப்பம்" என்றார் வசுமதி மேடம், அப்பளத்தை உடைத்துக்கொண்டே. பரிமாறுகிறவர் வாளியோடு மறு சுற்று வந்தார், எனக்கு டயட் என்று தெரிந்தவர், என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனார். "கண்ண மூடிட்டு பேசச் சொல்லிடலாம்" என்று மேடத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே நான் தட்டை வாளிப் பக்கம் நீட்டினேன்.